உப்புக்கண்டம்: கால் கிலோ 380-க்கும் கிடைக்கிறது, 800-க்கும் கிடைக்கிறது, எதை நம்புவது?

கீழவாசல்காரன்:

நண்பர்களே, உப்புக்கண்டம், அதாவது உப்பும் மசாலாவும் போட்டுக் காய வைத்த கறி, அதைப் பற்றி ஒரு சந்தேகம், விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். நான் இருப்பது சென்னையில், அடுக்குமாடிக் குடியிருப்பு. மொட்டைமாடியைப் பூட்டிச் சாவியைச் சங்கத்துக்காரர்கள் வைத்திருக்கிறார்கள், அதனால் "வீட்டிலேயே போட்டுக்கொள்ளலாமே" என்று யாரும் உடனே ஆரம்பித்துவிடாதீர்கள். நான் வாங்கித்தான் சாப்பிட வேண்டும்.

இன்ஸ்டாகிராமில் ஒரு தடவை தேடியதுதான் தாமதம், இப்போது திறந்தாலே உப்புக்கண்டம் விளம்பரம்தான். எல்லோரும் "கொஞ்சமாகத்தான் செய்கிறோம்", "பாட்டி முறை", "வெயிலில் காய்ந்தது" என்று ஒரே பாட்டைப் பாடுகிறார்கள், விலை மட்டும் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாமல் இருக்கிறது. ஒருவர் கால் கிலோ 380 ரூபாய் என்கிறார், இன்னொருவர் அதே கால் கிலோவுக்கு 800 கேட்கிறார். இரண்டையும் வாங்கினேன். 380 ரூபாய்ச் சரக்கு கறுகறுவென்று, எல்லாத் துண்டும் ஒரே அளவில், பார்க்க நன்றாகத்தான் இருந்தது. வறுத்தால் வாயில் சவசவவென்று இழுத்துக்கொண்டே போனது, உப்பைத் தவிர வேறு ருசி தெரியவில்லை. 800 ரூபாய்ச் சரக்கில் அழகே கிடையாது, ஒரு துண்டு பெரிசு, ஒரு துண்டு பொடிசு, அங்கங்கே நூல் கூட ஒட்டியிருந்தது. ஆனால் நல்லெண்ணெயில் போட்ட இரண்டாவது நிமிடம் எதிர் வீட்டுக்காரர் கதவைத் திறந்து "என்ன சார் சமையல்" என்று கேட்டுவிட்டார்.

என் கேள்வி இதுதான். இந்த விலை வித்தியாசம் நியாயமானதா, இல்லை "பாட்டி" என்ற பெயருக்கு நாம் கொடுக்கிற காசா? கொஞ்சமாகச் செய்வதால் உண்மையிலேயே ருசி மாறுமா, இல்லை ஊர் நினைப்பில் நமக்கு அப்படித் தோன்றுகிறதா? என் மனைவி எல்லாம் ஊர் நினைப்புதான் என்கிறாள். அவளுக்குப் பதில் சொல்ல எனக்கு ஆதாரம் வேண்டும்.

சிங்கம்புணரி அக்கா:

தம்பி, முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், நானும் தெரிந்தவர்களுக்கு உப்புக்கண்டம் போட்டுக் கொடுக்கிறவள்தான். அதனால் நான் சொல்வதில் கொஞ்சம் வியாபாரமும் கலந்திருக்கும், அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள். இங்கே யாருக்கும் விற்க வரவில்லை, கேட்டாலும் தர மாட்டேன், வீட்டாருக்கே பற்றவில்லை.

உங்கள் வீட்டம்மாவுக்கு ருசி பற்றிப் பேசுவதற்கு முன்னால் கணக்கைக் காட்டுங்கள். எங்கள் பக்கம் வெள்ளாட்டுக் கறி கிலோ 900-ஐ ஒட்டி விற்கிறது. எலும்பில்லாமல் தொடைக்கறியாகக் கேட்டால் 1,100 ஆகிவிடும். அதில் சவ்வையும் கொழுப்பையும் எடுத்துவிட்டுக் காயப் போட்டால், ஒரு கிலோ கறிக்கு 350 கிராம், மிஞ்சிப் போனால் 400 கிராம் கண்டம் தேறும். மற்றதெல்லாம் தண்ணீர், அது வெயிலோடு போய்விடும். அப்படியானால் கால் கிலோ கண்டத்துக்குச் சராசரியாக 650 கிராமுக்கு மேல் கறி வேண்டும், கறி விலை மட்டுமே 700 ரூபாயைத் தாண்டுகிறது. இதில் மிளகாய், பூண்டு, கூலி, பார்சல் எல்லாம் சேர்த்து 800 ரூபாய்க்குக் கொடுக்கிறவர் ஒன்றும் கொள்ளை அடிக்கவில்லை, எப்படிக் கட்டுப்படியாகிறது என்றுதான் எனக்கு ஆச்சரியம். சொந்த ஆடாக இருக்கலாம்.

380-க்குக் கொடுக்கிறவர் எப்படிக் கொடுக்கிறார் என்று இனி நீங்களே யோசியுங்கள். ஒன்று, முழுதாகக் காயவில்லை, தண்ணீரையும் சேர்த்து நிறுத்துத் தருகிறார். இல்லை, உப்பை அள்ளிக் கொட்டி எடை ஏற்றுகிறார். இல்லை, அது ஆட்டுக் கறியே இல்லை. இந்த மூன்றும் இல்லாமல் அந்த விலைக்கு எனக்கு வேறு வழி தெரியவில்லை. நீங்கள் சொன்ன சவசவப்பும் உப்பும் முதல் இரண்டுக்கும் பொருந்துகிறது.

இனி, கொஞ்சமாகப் போடுவதில் என்ன இருக்கிறது என்ற கேள்வி. எங்கள் வீட்டில் போடுவதைச் சொல்கிறேன். அன்று காலையில் அறுத்த கறியாக இருக்க வேண்டும், ஃபிரிட்ஜில் கிடந்த கறியை நாங்கள் எடுப்பதில்லை. கட்டைவிரல் கனத்துக்கு, நார் ஓடுகிற திசையிலேயே நீளமாக வெட்ட வேண்டும், குறுக்கே வெட்டினால் கோர்க்கும்போது பிய்ந்துவிடும். கல்லுப்பு, மஞ்சள், காய்ந்த மிளகாய், பூண்டு, சீரகம், எல்லாவற்றையும் தண்ணீர் தொடாமல் அம்மியில் அரைத்துப் பிசைந்து ஒரு ராத்திரி மண்சட்டியில் ஊற வைப்போம். காலையில் சட்டியில் விட்டிருக்கிற தண்ணீரை வடித்துவிட்டு, கோணி ஊசியில் கெட்டி நூலைக் கோர்த்து, ஒரு துண்டு இன்னொரு துண்டைத் தொடாமல் சரம் சரமாகக் கோர்த்துக் கொடியில் தொங்க விட வேண்டும். மேலே பழைய வேட்டித் துணி அல்லது கொசுவலை. பொழுது சாய்வதற்குள் இறக்கிவிட வேண்டும், பனி இறங்கினால் ஒரு நாள் உழைப்பு போச்சு. பங்குனி, சித்திரை வெயிலாக இருந்தால் நாலைந்து நாளில் எவர்சில்வர் தட்டில் போட்டால் டங்கென்று சத்தம் வரும், அதுதான் பதம்.

இதில் எந்த வேலையும் பெரிய வித்தை இல்லை. ஆனால் ஒவ்வொன்றிலும் ஒரு ஆள் நின்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். காக்கா வரும், பூனை வரும், மதியம் மூன்று மணிக்குத் திடீரென்று மேகம் கட்டும், இரண்டு சரம் ஒன்றோடு ஒன்று முறுக்கிக்கொள்ளும், பெரிய துண்டு மட்டும் பிந்தும், அதை மட்டும் தனியே எடுத்து இன்னொரு வெயில் காட்ட வேண்டும். ஐந்து கிலோ கறி என்றால் ஒரு ஆள் பார்க்கலாம். ஐம்பது கிலோ போடுகிறவர் சரம் கோர்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியுமா? தட்டில் பரப்பிவிடுவார். தட்டில் கிடக்கிற கறிக்கு அடிப்பக்கம் காற்றே கிடையாது. உங்கள் 800 ரூபாய்ச் சரக்கில் ஒட்டியிருந்தது என்றீர்களே நூல், அதைக் குறையாகச் சொல்லாதீர்கள், அதற்குத்தான் தம்பி காசு கொடுத்திருக்கிறீர்கள்.

ஈரப்பதம்:

அக்கா சொன்னதில் ஒரு வார்த்தை கூட மாற்ற வேண்டியதில்லை. நான் உணவுத் தொழில்நுட்பம் படித்தவன், இப்போது வேறு வேலை, இருந்தாலும் இந்த விஷயத்தில் வாய் சும்மா இருக்காது. அக்கா சொன்னவற்றின் பின்னால் என்ன நடக்கிறது என்று மட்டும் சொல்கிறேன்.

பச்சைக் கறியில் நூற்றுக்கு 75 பங்கு வரை தண்ணீர்தான். அது இரண்டு கட்டமாகப் போகும். மேல்பரப்பில் இருக்கிற தண்ணீர் ஆவியாவது முதல் கட்டம், அது வேகமாக முடிந்துவிடும். உள்ளே இருக்கிற தண்ணீர் மெதுவாக மேலே ஊறி வந்து ஆவியாவது இரண்டாவது கட்டம், அதுதான் நாள் கணக்கில் இழுக்கும். அவசரப்பட்டு ஓவனில் வைத்து அதிகச் சூட்டில் காய்ச்சினால், உள்ளே இருப்பது ஊறி வருவதற்கு முன்னாலேயே வெளிப்பக்கம் இறுகிக் கட்டித் தோலாகிவிடும். அப்புறம் உள்ளே இருக்கிற ஈரத்துக்கு வெளியே வர வழியில்லை. தொட்டால் கல்லாக இருக்கும், பிய்த்தால் நடுவில் பிசுபிசுக்கும். கேள்வி கேட்டவர் வாங்கிய 380 ரூபாய்ச் சரக்கு ஏறக்குறைய இதுவாகத்தான் இருக்கும். பகலில் வெயில், ராத்திரி வீட்டுக்குள் என்று மாறி மாறி வைப்பதில் ஒரு லாபம் உண்டு: ராத்திரியில் உள் ஈரம் மேலே பரவ நேரம் கிடைக்கிறது, மறுநாள் வெயில் அதை எடுத்துவிடுகிறது.

ருசி எங்கிருந்து வருகிறது என்றால், ஒன்று, எல்லாம் சுண்டிச் செறிவாகிறது, அது யாருக்கும் தெரியும். இன்னொன்று, கறிக்குள்ளேயே இருக்கிற நொதிகள் அந்த நாலைந்து நாளும் புரதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உடைத்துக்கொண்டே இருக்கின்றன. அப்படி உடைந்து வருகிற அமினோ அமிலங்கள்தான் நாக்கில் நிற்கிற அந்த ஆழமான ருசி, எண்ணெயில் போட்டதும் அவைதான் பொரிந்து எதிர் வீடு வரை மணக்கின்றன. கடும் சூட்டில் ஒரே நாளில் காய வைத்தால் நொதிகள் செத்துவிடும், நேரமும் கிடைக்காது. அதனால் உங்கள் மனைவியிடம் தைரியமாகச் சொல்லுங்கள், இது ஊர் நினைப்பு மட்டும் இல்லை.

கொழுப்பை ஏன் எடுக்கச் சொல்கிறார்கள் என்றால், கொழுப்பு காயாது, வெயிலும் காற்றும் பட்டுக் காறல் அடிக்கும். அந்த வாடை வந்துவிட்டால் எந்த மசாலாவாலும் மறைக்க முடியாது.

ஆனால் ஒரு எச்சரிக்கை, வீட்டு முறை என்றாலே பத்திரம் என்று நினைக்காதீர்கள். முதல் நாள்தான் ஆபத்தான நாள். கறி இன்னும் ஈரமாக இருக்கும், வெயில் சரியாக இல்லையென்றால் ஸ்டேஃபிலோகாக்கஸ் போன்ற பாக்டீரியா பெருகி நஞ்சை விட்டுவிடும். பாக்டீரியாவை வறுத்துக் கொல்லலாம், அது விட்ட நஞ்சு வறுத்தாலும் போகாது. அதற்குத்தான் முதல் நாளே உப்பு தாராளமாக விழ வேண்டும், நல்ல வெயில் நாளாகப் பார்த்துத் தொடங்க வேண்டும். நீர்ச் செயல்பாடு என்று ஒரு அளவு உண்டு, கிருமிகளுக்குப் பயன்படுகிற தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்பதைச் சொல்வது, பச்சைக் கறியில் அது 0.99, அதை 0.85-க்குக் கீழே கொண்டுவந்துவிட்டால் இந்தப் பயலின் ஆட்டம் அடங்கும். பூஞ்சைக்கு அதுவும் போதாது, இன்னும் இறக்க வேண்டும். அக்கா சொன்ன டங் சத்தம் கிட்டத்தட்ட இந்த அளவைக் காதால் பார்ப்பதுதான்.

ஜோகன்னஸ்பர்க்வாசி:

இந்தத் திரியைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் தென்னாப்பிரிக்காவில் இருக்கிறேன், இங்கே பில்டாங் என்று ஒன்று உண்டு, கிட்டத்தட்ட இவர்களின் உப்புக்கண்டம். மாட்டின் பின்தொடைக் கறியை இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் கனமாக, நீள நீளமாக வெட்டி, வினிகரில் நனைத்து, கல்லுப்பு, மிளகு, வறுத்துப் பொடித்த மல்லி தடவிக் கொக்கியில் தொங்க விடுகிறார்கள். ஆமாம், நம் கொத்தமல்லி விதைதான், அது இல்லாமல் பில்டாங் இல்லை. வெயிலில் வைப்பதில்லை, நிழலில் காற்றில் காய வேண்டும். மாடு மட்டுமில்லை, குடு, ஸ்பிரிங்பாக் என்று இங்கத்து மான் வகைகளிலும் போடுகிறார்கள்.

கேள்விக்கு நேரடியாக வருகிறேன். இங்கேயும் சூப்பர்மார்க்கெட்டில் பாக்கெட் பில்டாங் கிடைக்கிறது, ஒரே கனம், ஒரே ருசி, விளையாட்டு பார்த்துக்கொண்டே கொறிக்கப் பரவாயில்லை. ஆனால் பில்டாங்கில் ஊறினவர்கள் தங்கள் தெருக் கறிக்கடையை விட்டு நகர மாட்டார்கள். ஒவ்வொரு கறிக்கடைக்காரரும் தன் கடையிலேயே தொங்க விடுகிறார், ஒவ்வொருவருக்கும் ஒரு மசாலா. போனால் இரண்டு கேள்வி கேட்பார்: ஈரமாகவா காய்ந்ததா, கொழுப்போடவா இல்லாமலா. நீங்கள் சொல்கிற துண்டை எடுத்து உங்கள் கண்ணெதிரே நாருக்குக் குறுக்கே சீவித் தருவார். நடுவில் இன்னும் சிவப்பாக இருக்கிறதையும் தேர்ந்தெடுக்கலாம், ஒடித்தால் முறிகிறதையும் தேர்ந்தெடுக்கலாம். கொஞ்சமாகச் செய்வதில் எனக்குப் பிடித்ததே இதுதான், பாக்கெட் என்னிடம் எதுவும் கேட்பதில்லை. நம் ஊர் உப்புக்கண்டக்காரர்கள் யாராவது "கொஞ்சம் மெத்தென்று வேண்டுமா, முறுகக் காய்ந்தது வேண்டுமா" என்று கேட்கிறார்களா? கேட்டால் நான் அவரிடம்தான் வாங்குவேன்.

ஆனால் ஒன்று, பில்டாங்கைச் சமைப்பதில்லை, அப்படியே வாயில் போடுவது. உப்புக்கண்டத்தை நாம் கடைசியில் எண்ணெயில் வறுக்கிறோம். ஈரப்பதம் சொன்ன பயத்தில் பாதி அங்கே குறைகிறது, இங்கே குறைவதில்லை. அமெரிக்கக்காரர்கள் ஜெர்க்கி என்கிற தங்கள் காய்ந்த கறியைச் செய்யும்போது காய வைப்பதற்கு முன்னாலேயே கறியை 71 டிகிரிக்குச் சூடாக்கச் சொல்கிறது அவர்களுடைய விவசாயத் துறை. இங்கே யாரிடமாவது அதைச் சொல்லிப் பாருங்கள், அடிக்க வருவார்கள்.

அப்புறம், மொட்டைமாடி இல்லை என்று சொன்னதற்காக இது. இங்கே அடுக்குமாடியில் இருக்கிறவர்களும் வீட்டில் பில்டாங் போடுகிறார்கள், அதற்கு ஒரு பெட்டி. மரப்பெட்டியோ கெட்டியான அட்டைப்பெட்டியோ, அடியில் பழைய காலத்துக் குண்டு பல்பு ஒன்று, பக்கத்தில் காற்று நுழைய ஓட்டைகள், மேலே கம்ப்யூட்டரில் இருக்குமே அந்தச் சின்ன விசிறி, நடுவில் குச்சி வைத்துக் கறி தொங்கும். பல்பு கறியை வேக வைக்க இல்லை, உள்ளே வருகிற காற்றைக் கொஞ்சம் சூடாக்கினால் அதன் ஈரப்பதம் குறைகிறது, விசிறி அதை மேலே இழுத்து வெளியே தள்ளுகிறது, அவ்வளவுதான் சங்கதி. ஜோகன்னஸ்பர்க் குளிர்காலம் எலும்பு வரை காய்ந்த காற்று, ஜூன், ஜூலையில் இந்தப் பெட்டி கூட வேண்டாம். சென்னைக் கடல் காற்றுக்குப் பெட்டி கட்டாயம் வேண்டும்.

டர்பன் பக்கம் போனால் இன்னொரு வேடிக்கை. 1860-இல் மதராஸிலிருந்து கரும்புத் தோட்ட வேலைக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு முதல் கப்பல் போய் இறங்கிய ஊர் அது, இன்றும் நம் ஆட்கள் நிறைய. அங்கே கடையில் மிளகாய் மசாலா பூசி மெல்லிசாகச் சீவிக் காய வைத்த சில்லி பைட்ஸ் வாங்கிக் கண்ணை மூடிக்கொண்டு தின்றால், காரைக்குடிப் பக்கம் இருக்கிறோமா என்று ஒரு நிமிடம் சந்தேகம் வரும்.

கம்பம் பள்ளத்தாக்கு:

எல்லோரும் வெயில் வெயில் என்கிறீர்கள், வெயிலே இல்லாத ஊருக்கு ஒரு வழி இருக்கிறது. எங்களுக்கு மேலே இடுக்கி மலையில் மழைக்காலம் வந்தால் வாரக்கணக்கில் சூரியனைப் பார்க்க முடியாது. அங்கே உப்பும் மஞ்சளும் தடவிய மாட்டுக்கறியை அடுப்புக்கு மேலே கட்டித் தொங்க விட்டுவிடுவார்கள், தினம் சோறு பொங்குகிற புகையிலேயே காயும். அப்புறம் உரலில் போட்டு இடித்துப் பஞ்சு பஞ்சாக்கி, சின்ன வெங்காயம், தேங்காய்ப் பல், இடித்த மிளகாய் போட்டு வதக்குவார்கள், இடியிறைச்சி. அது ஒரு கவளம் கஞ்சிக்கு இருந்தால் போதும்.

இதைக் கடையில் பாக்கெட்டில் போட்டு விற்கிறார்கள், வாங்கிப் பார்த்தேன், புகை வாசனையே இல்லை. விறகடுப்பு இல்லாத வீட்டில் எப்படி வரும்? கேஸ் அடுப்பு வந்ததும் இந்தச் சமாச்சாரத்தில் பாதி போய்விட்டது. அக்கா, உங்கள் கண்டத்தையும் வறுப்பதற்கு முன்னால் ஒரு தடவை இடித்துப் பாருங்கள், நார் நாராகப் பிரிந்து பொரியும்.

சிங்கம்புணரி அக்கா:

இடிப்போம் தம்பி, அம்மிக் குழவியால் ஒரு தட்டு தட்டிவிட்டுத்தான் சட்டியில் போடுவது. அப்படியே முழுத் துண்டாக வறுப்பது ஓட்டல்காரர்கள் வேலை.

வெறும்சோறு:

கொஞ்சம் கசப்பாகப் பேசுகிறேன், திட்டாதீர்கள். ருசி, நொதி, பாட்டி எல்லாம் சரி. 2015-இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்தது. உப்புப் போட்டுப் பதப்படுத்தியதும் புகையில் காட்டியதும் அந்த வரையறைக்குள் வருகிறது, தொத்திறைச்சி மட்டும் என்று நினைக்காதீர்கள். அவர்கள் சொன்ன உதாரணங்களில் பில்டாங்கும் இருக்கிறது. ஆலையில் செய்தால் கெடுதல், ஐந்து கிலோவாக மாடியில் செய்தால் நல்லது என்று அவர்கள் பிரித்துச் சொல்லவில்லை.

உப்புக் கணக்கையும் பாருங்கள். கிலோ கறிக்கு 60 கிராம் உப்பு என்று வைத்துக்கொண்டால், காய்ந்து 400 கிராம் ஆகும்போது அந்த 60 கிராமில் பெரும்பங்கு அதற்குள்ளேயேதான் இருக்கும். வடித்த தண்ணீரில் கொஞ்சம் போனது என்று கழித்தாலும் நூற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு பங்கு உப்பு. 40 கிராம் கண்டம் வறுத்துத் தின்றால் நாலைந்து கிராம் உப்பு. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கே 5 கிராமுக்குக் கீழே இருக்கச் சொல்கிறது. ரசம், ஊறுகாய், அப்பளம் எல்லாம் தனி. பிரஷர் மாத்திரை போடுகிற வயதில் பாதிப் பேர் இங்கே இருப்பீர்கள்.

இன்னொன்று, "சிறு அளவு" என்பது இப்போது ஒரு விளம்பர வார்த்தை ஆகிவிட்டது. வாரத்துக்கு நூறு கிலோ ஓவனில் காய்ச்சுகிறவரும் அதே வார்த்தையைத்தான் போடுகிறார். யார் போய் அவர் மாடியை எட்டிப் பார்க்கப் போகிறார்கள்? பாக்கெட்டில் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் எஃப்எஸ்எஸ்ஏஐ எண் 14 இலக்கத்தில் இருக்கிறதா என்றாவது பாருங்கள், இன்ஸ்டாகிராமில் விற்கிறவர்களில் பலர் அதைக் கூடப் போடுவதில்லை.

ஈரப்பதம்:

வெறும்சோறு சொன்ன எதையும் மறுக்க மாட்டேன். முதல் பிரிவு என்பது புற்றுநோய்க்கு ஆதாரம் எவ்வளவு உறுதியானது என்பதைச் சொல்கிற பிரிவு, எவ்வளவு ஆபத்து என்பதைச் சொல்வது இல்லை என்பதை மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். உப்புதான் உண்மையான பிரச்சினை. வறுப்பதற்கு முன் வெந்நீரில் ஐந்து நிமிடம் போட்டுப் பிழிந்தால் மேலே இருக்கிற உப்பு நிறைய இறங்கிவிடும், குழம்பு வைக்கிறவர்கள் எப்படியும் அப்படித்தானே செய்கிறார்கள். உப்பைக் குறைத்துப் போடச் சொல்லி யாரையும் கேட்காதீர்கள், முதல் நாள் காவலே அதுதான்.

தட்டு நிறைய வைத்துக்கொண்டு தின்கிற பண்டமாக உப்புக்கண்டம் என்றைக்கும் இருந்ததில்லை. ஃபிரிட்ஜ் இல்லாத காலத்தில் கிடா வெட்டினால் மிஞ்சியதைக் கெடாமல் வைக்க வந்த வழி அது.

சிங்கம்புணரி அக்கா:

அதேதான். எங்கள் ஊரில் பக்ரீத் முடிந்த வாரம் பள்ளிவாசல் தெருப் பக்கம் போனால் மாடிக்கு மாடி சரம் தொங்கும். குர்பானிக் கறியில் ஏழைகளுக்கு ஒரு பங்கு, சொந்தக்காரர்களுக்கு ஒரு பங்கு கொடுத்து, தங்கள் பங்கில் மிஞ்சுவதைக் காய வைத்துவிடுவார்கள், ஜாடியில் போட்டு மாதக்கணக்கில் வரும். பழைய சோற்றுக்கு மூன்று துண்டு, அவ்வளவுதான் ஒரு ஆளுக்கு. மூன்றுக்கு மேல் கேட்டால் அடி விழும் எங்கள் வீட்டில்.

கீழவாசல்காரன்:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. கணக்கைக் காட்டியதும் மனைவி 800 ரூபாய்ச் சரக்குக்குச் சம்மதித்துவிட்டாள், ஆனால் வெறும்சோறு எழுதியதையும் படித்துவிட்டாள், அதனால் மாதத்துக்குக் கால் கிலோதான் என்று உத்தரவு. பல்புப் பெட்டி யோசனை நன்றாக இருக்கிறது, பால்கனியில் கறியைத் தொங்க விட்டால் சங்கத்தில் என்ன சொல்வார்கள் என்றுதான் தெரியவில்லை.

கடைசியாக ஒன்று. அந்த 800 ரூபாய்க்காரர் அடுத்த சரக்கு சித்திரையில்தான் என்கிறார். வேறு ஆளிடம் வாங்க நேர்ந்தால் பார்சல் வந்ததும் எதைப் பார்த்து நல்லது கெட்டது சொல்வது?

சிங்கம்புணரி அக்கா:

சித்திரைக்குத்தான் தருவேன் என்று சொல்கிறவரை விட்டுவிடாதீர்கள் தம்பி, நம்பர் இருந்தால் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

பார்சல் வந்ததும் மூக்கால்தான் முதலில் பார்க்க வேண்டும். பூண்டும் கறியும் மணக்க வேண்டும், எண்ணெய்க் காறல் வாடை வந்தால் சட்டியில் போடாமலேயே திருப்பி அனுப்புங்கள். பெரிய துண்டாக ஒன்றை எடுத்து இடிகல்லில் வைத்து உடையுங்கள், வெளியே இருக்கிற நிறம் உள்ளேயும் இருக்க வேண்டும், நடுவில் மட்டும் வெளுத்தோ சிவந்தோ பிசுக்கென்று இருந்தால் காயவில்லை. வெள்ளையாக ஏதாவது பூத்திருந்தால் விரலால் தொட்டுப் பாருங்கள், நெறுநெறுவென்றால் உப்பு, பயமில்லை. பஞ்சு மாதிரி ஒட்டினால் பூஞ்சை, அந்தப் பாக்கெட்டே வேண்டாம், அந்தத் துண்டை மட்டும் எடுத்துப் போட்டுவிட்டு மிச்சத்தைத் தின்னாதீர்கள். ஒரே அளவில், ஒரே கறுப்பில் எல்லாத் துண்டும் இருந்தால் கொஞ்சம் சந்தேகப்படுங்கள், கையால் வெட்டினது அப்படி வராது.

வாங்கின பிறகு கண்ணாடி ஜாடியில் போட்டு மூடி, மாதம் ஒரு தடவை ஜன்னல் வெயிலிலாவது ஒரு மணி நேரம் காட்டுங்கள். ஈரக் கையை உள்ளே விட்டுவிடாதீர்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் யாரிடமும் புதுச் சரக்கு கேட்காதீர்கள். அடைமழையில் "இன்று வெயிலில் காய்ந்தது" என்று படம் போடுகிறவர்களை நானும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.